விருந்தாளியை முதலில் சாப்பிட வைப்பதா, கூட அமர்ந்து உண்பதா?

வீட்டுக்கு வருபவரை முதலில் சாப்பிட வைத்துவிட்டு வீட்டார் பின்னர் உண்பதா, எல்லோரும் ஒன்றாக அமர்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் வளர்ந்தவன் நான். கூட அமர்ந்து உண்பதே சரியென்பது என் எண்ணம். அதை எங்களுக்குக் கற்றுத் தந்தவரும் ஒரு விருந்தாளிதான்.

வெள்ளைக்காரன் காலத்து லயக் காம்பரா, அதாவது அறை, பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடிதான். முன்னால் இஸ்தோப்பு என்ற சிறு தாழ்வாரம், ஓரத்தில் அடுப்பு. அந்த நெருக்கத்திலும் அம்மா வந்தவரை வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் அமர்த்தி, சோறும் கோழிக்கறியும் படைத்துவிட்டு, அவர் கைகழுவும்வரை ஒதுங்கியே நிற்பார். பிள்ளைகள் நாங்கள் எட்டிப் பார்த்தால் முறைப்பு விழும்.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானதல்லவா, அதில் கப்பலேறிப் போனவர்களுள் என் பெரியப்பாவும் ஒருவர். தமிழ்நாட்டின் கூடலூர்ப் பக்கம் குடியேறியிருந்த அவர் பல ஆண்டுகள் கழித்து எங்களைப் பார்க்க வந்தபோது, அம்மா வழக்கப்படி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இரண்டு கவளம் உண்ட பெரியப்பா, தட்டோடு எழுந்து வந்து அடுப்படியில் பலகையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "ஏம்மா, நான் என்ன தொரையா, தனியா ஒக்காந்து திங்க? பிள்ளைங்களையும் கூப்பிடு, ரொட்டி இருந்தா கொண்டா" என்றார்.

ரொட்டி இருந்தது, ஆனால் எங்களுக்கென்று வைத்திருந்தது. கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, மிலாறு எனும் தேயிலைச் செடி விறகு எரிந்த அடுப்பில் சுட்டது. விருந்தாளிக்குக் கொடுக்கக் கூடாத ஏழைச் சாப்பாடென்று அம்மா மறைத்திருந்தார். செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் அம்மியில் நசுக்கிய சம்பலைத் தொட்டு அவர் நான்கு ரொட்டி உண்டார். எந்த லயத்தில் யார் இருந்தார்கள், யார் அங்கே போனார்கள், யார் போக மறுத்தார்கள் என்று பேச்சு நீண்டது; அப்பா அதுவரை எங்களிடம் சொல்லாத பெயர்களெல்லாம் அன்றுதான் வெளியே வந்தன. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே, பாலில்லாத தேநீரான சாயத்தண்ணியை மூன்று முறை வாங்கிக் குடித்தார்.

அம்மா அன்று வெட்கப்பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். உபசரிப்பதில் குறை வைத்துவிட்டோமோ என்று இரண்டு நாள் புலம்பினார். அவருடைய முறையும் பிழையானதல்ல. இருப்பது கொஞ்சமாக இருந்த காலத்தில், வந்தவருக்குப் பற்றாமல் போய்விடக் கூடாதென்ற பயத்தில் பிறந்த வழக்கம் அது.

ஆகவே என் வீட்டில் முதல் தட்டு விருந்தாளிக்கு; அவர் கைவைக்கும் முன்பே மற்றத் தட்டுகளும் வந்துவிடும். புதியவர் கூச்சப்படுவாரோ என்று தோன்றினால் மட்டும் நானே முதலில் பிய்த்துச் சாப்பிடத் தொடங்குவேன்.