மேடை விளக்குத் தொழில்: கடன் வாங்கும் முன் கற்க வேண்டியவை

கேள்வி: ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் முடித்துவிட்டு மைக் செட் கடையில் வேலை செய்கிறேன். நாடகங்களுக்கு ஒளியமைக்கும் தொழில்நுட்பக் கலைஞராக வேண்டும் என்பது என் ஆசை. கடன் வாங்கிச் சொந்தமாக விளக்குகள் வாங்கலாமா, அல்லது சென்னைக்குப் போய்விடலாமா?
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அன்புள்ள தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கடனில் வாங்கிய விளக்குகளுக்கு வட்டி கட்டுவதற்காகவே நீங்கள் கல்யாண மண்டபம் கல்யாண மண்டபமாக அலைய நேரும். நாடகத்தின் பக்கம் வர நேரமே கிடைக்காது.

உங்கள் மின்சாரப் படிப்பு பெரிய பலம். மேடைக்கு ஒளி பாய்ச்சும் 1000 வாட் பார் (PAR) விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும் என்பதால், 16 ஆம்பியர் பிளக் ஒன்றில் மூன்றுக்கு மேல் மாட்டக் கூடாது என்பது போன்ற லோடு கணக்கை மேடை கட்டும் முன்பே தாளில் எழுதிவிடும் பழக்கம் வேண்டும். கோயில் நோம்பி (திருவிழா) அவசரத்தில் வயரைச் சுருளாகவே விட்டு லோடு கொடுப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் உள்சுற்றுகளின் உறை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு அவசரமானாலும் முழுவதும் பிரித்துப் போடுங்கள். எர்த் இல்லாமல் இணைப்புக் கொடுக்கச் சொன்னால், சொல்பவர் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். இரும்புக் குழாய் மேடையில் வெறுங்காலோடு நிற்பவர்களின் உயிர் அதில் இருக்கிறது.

கடையில் எல்.இ.டி. பார் விளக்குகள் இருந்தால் டிஎம்எக்ஸ் (விளக்குகளைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் முறை) முகவரி போடவும் பழகிக்கொள்ளுங்கள். நிறம், பிரகாசம் என விளக்கின் ஒவ்வொரு அம்சத்தையும் இயக்கும் தனி வழிதான் சேனல். ஏழு சேனல் விளக்குகளுக்குத் தனித்தனியாக முகவரி தருவதென்றால் முதலாவதற்கு 1, அடுத்ததற்கு 8, அதற்கடுத்து 15 என்று போகும். ஓர் இணைப்பில் மொத்தம் 512 சேனல்கள். இது சில நாட்களில் கைவந்துவிடும்.

நாள் பிடிப்பது நாடகத்தைப் படிக்கும் கண்தான். கோவை, ஈரோடு பகுதிக் கல்லூரிகளில் நாடகம் போடுகிறவர்களிடம் கேட்டு, ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே போய் உட்காருங்கள். நடிகர் எந்தச் சொல்லை முடிக்கும்போது வெளிச்சம் மாற வேண்டும், எத்தனை விநாடியில் மாற வேண்டும் என்பதைப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். நடிகர் மாற்றும்போது நீங்களும் அழித்து எழுத வேண்டியிருக்கும். சேலம், நாமக்கல் பக்கத்துக் கூத்துகளை விடிய விடிய உட்கார்ந்து பாருங்கள். நேர் உச்சியிலிருந்து விளக்கு விழுந்தால், கிரீடத்தின் நிழல் இறங்கி வேடக்காரரின் கண்ணை மறைத்துவிடும். முன்னால் இருபுறமிருந்தும் ஏறக்குறைய 45 டிகிரி உயரத்தில் வைத்தால், பின்வரிசையில் இருப்பவருக்கும் அந்தக் கண் தெரியும். பச்சை வெளிச்சத்தில் சிவப்புச் சேலை கறுத்துப்போகும் என்பதால், உடை தைப்பவரிடம் பேசாமல் வண்ணத்தை முடிவு செய்யாதீர்கள். என்னைக் கேட்டால், விளக்கு வாங்குவதைவிட இந்த இரவுகளுக்குச் செலவிடுவதே நல்ல முதலீடு.

முறையாகப் படிக்கவும் வழி இருக்கிறது. டெல்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பில் சேரப் பட்டமும் நாடக அனுபவமும் கேட்கிறார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நாடக முதுகலைக்கும் பட்டம் தேவை. ஆகவே வேலையை விடாமல் தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கிவிடுங்கள். பங்குனி, சித்திரை நோம்பிகள் முடியும்வரை கடையிலேயே இருந்து கைத்தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள்; அதன்பின் ஒத்திகை நடக்கும் மாலைகளில் மட்டும் சீக்கிரம் கிளம்ப அனுமதி வேண்டும் என்று முதலாளியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.