முகிலில் நின்ற யானை

வணக்கம் அண்ணா,

வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது பண்ணைப் பாலத்தில் நின்று முகில்களைப் படம் எடுப்பேன். போன கிழமை பூநகரிப் பக்கத்து வானத்தில் தும்பிக்கையைத் தூக்கியபடி ஒரு யானை நின்றது. உடனே போனில் எடுத்தேன். வீட்டில் காட்டினால், "எங்கே யானை? பஞ்சுதான் கிடக்குது" என்கிறார்கள். இப்போது எனக்கே தெரியவில்லை. கோடு போட்டுக் காட்டச் சொல்கிறான் நண்பன். நான் கண்டது வெறும் பிரமையா, அல்லது படம்தான் பிழையா?

ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். எனக்கும் யானை தெரியவில்லை. ஆனால் நீங்கள் கண்டீர்கள் என்பதை முழுதாக நம்புகிறேன்.

போன் கமராவின் லென்ஸ் மிக அகலமாகப் பார்க்கும். உங்கள் கண் அந்த ஒரு முகிலையே பிடித்துக்கொண்டு நின்றது. லென்ஸோ பாலம், கடல், வானம் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து யானையை ஒரு மூலையில் சின்னதாக்கிவிட்டது. அடுத்த முறை இரண்டு மடங்கு சூம் செய்து எடுங்கள். முகிலின் ஆக வெள்ளையான இடத்தில் விரலை வைத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். காது, தும்பிக்கை என்று நீங்கள் கண்டதெல்லாம் வெள்ளைக்குள் கிடக்கும் மெல்லிய சாம்பல் நிழல்கள்தான். வெளிச்சம் கூடினால் முதலில் அழிவது அவைதான்.

அப்புறம், உங்கள் யானை அசைந்திருக்கும். திரள்முகில் கீழிருந்து ஏறும் சூடான காற்றில் பொங்கிக்கொண்டே இருக்கும், ஓரங்களில் ஆவியாகிக் கரைந்துகொண்டும் இருக்கும். ஒரு உருவம் ஓரிரு நிமிடம் நின்றாலே பெரிய விஷயம். தும்பிக்கை மெல்ல எழும்புவதைப் பார்த்துத்தான் உங்கள் மனம் யானை என்று முடிவெடுத்திருக்கும். அந்த அசைவு ஒரு படத்துக்குள் வராது. நின்ற இடத்தை மாற்றாமல் பத்து விநாடிக்கு ஒன்றாக ஐந்தாறு எடுத்து, வரிசையாக வீட்டில் காட்டிப் பாருங்கள்.

கோடு மட்டும் போடாதீர்கள். போட்டுவிட்டால், அதே முகிலில் முதலையைக் காணக்கூடியவருக்கு வழியில்லாமல் போய்விடும். அமெரிக்கப் படக்கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922 முதல் பல வருடங்கள் முகில்களை எடுத்தார். பல படங்களில் மரமும் இல்லை, தரையும் இல்லை. எது மேல் எது கீழ் என்றுகூடப் பிடிபடாது. பார்ப்பவரை அவ்வளவு நம்பினார். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். ஒரு பனையின் தலையாவது ஓரத்தில் தெரிந்தால்தான் எனக்கு அது நம்முடைய வானம்.

சோளகக் காற்று வீசும் காலத்தில் முகில் துண்டுகள் வேகமாக ஓடிவிடும். மாரி இறங்கினால் வானம் முழுக்க ஒரே சாம்பல். இடையில் ஐப்பசிப் பின்னேரங்களில் வன்னிப் பக்கம் எழும்பும் இடிமுகில்களை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். 1990களில், போர்க்காலத்தில், நாங்கள் அண்ணாந்து பார்த்ததெல்லாம் குண்டு போடும் பொம்மர் வருகிறதா என்றுதான். முகில் மூடிய நாளில் சத்தம் மட்டும் கேட்கும், எங்கே நிற்கிறது என்று தெரியாது. வயிற்றைப் பிசையும். அம்மா கையைப் பிடித்து பங்கருக்குள் இழுப்பார். அந்த வருடங்களில் முகிலில் ஒரு உருவத்தையாவது கண்ட ஞாபகம் எனக்கில்லை.

நேற்றுப் பின்னேரம் முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். சரிந்து படுத்த ஒரு ஆடு தெரிந்தது. எழும்பிப் போய்ப் போனை எடுக்க மனம் வரவில்லை. அது கரையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.