வீடியோ முடிவில் வரும் பெட்டிகள் வியூஸ் கொண்டுவருமா?

கேள்வி: நான் திருச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2 வருடங்களாக யூடியூபில் மாடித்தோட்டச் சேனல் நடத்துகிறேன். 60 வீடியோ போட்டும் வியூஸ் ஏறவில்லை. கடைசியில் வருகிற எண்டு ஸ்கிரீன் பெட்டிகளை நான் வைக்காததுதான் காரணம் என்கிறார் ஒருவர். 6,000 ரூபாய் கொடுத்தால் பழைய வீடியோக்களை எல்லாம் பெட்டியோடு மறுபடி அப்லோடு செய்து தருவாராம். ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்கிறார். நானே வைத்துப் பார்த்தேன். பேத்தி வரும் வீடியோக்களில் மட்டும் வைக்க முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் பாஸ்வேர்டு. கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், இதை அப்படியே வைத்துவிட்டு, போய் மாற்றிவிட்டு வாருங்கள்.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். எண்டு ஸ்கிரீன் உதவும், ஆனால் அவர் சொல்கிற விதத்தில் அல்ல. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தவரிடம் ‘பாயசம் இருக்கிறது, எழுந்துவிடாதீர்கள்’ என்று சொல்கிற வேலைதான் அதற்கு. வாசலில் போகிறவரை அது உள்ளே அழைத்து வராது. புதிய ஆட்களை அழைத்து வருவது தலைப்பு, தம்ப்நெயில் என்கிற முகப்புப் படம், யூடியூப் தானாகக் காட்டும் பரிந்துரை, தேடல் இவைதான். வந்தவரை இன்னொரு வீடியோவுக்கு நகர்த்துவதோடு பெட்டியின் வேலை முடிந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீடியோவை 1,000 பேர் திறக்கிறார்கள், 200 பேர் கடைசிவரை இருக்கிறார்கள், அவர்களில் நூற்றுக்குப் 10 பேர் பெட்டியைத் தொடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 20 வியூஸ். பெட்டியை எவ்வளவு அழகாக அமைத்தாலும் அந்த 20 கொஞ்சம்தான் ஏறும். கடைசிவரை இருப்பவர்களை 400 ஆக்கினால், அதே பெட்டி 40 கொடுக்கும்.

அந்த இடத்தில்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். ‘இத்துடன் இந்த வீடியோ முடிகிறது, நன்றி, வணக்கம்’ என்று கும்பிட்டுவிட்டு, அதற்குப் பிறகு 20 விநாடிக்கு ஒரு பூப்படமும் நாதஸ்வரமும் வைத்து அதன் மேல் பெட்டிகளை ஒட்டுகிறார்கள். வணக்கம் சொன்ன பிறகு யார் உட்கார்ந்திருப்பார்? சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில் பார்வையாளர் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று காட்டும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கும்பிட்ட இடத்தில் கோடு செங்குத்தாக இறங்கியிருக்கும். விடைபெறுவதே வேண்டாம். ‘மண் கலவை தயார். இதில் தக்காளி நாற்றை எப்படி நடுவது என்று இந்த வீடியோவில் காட்டியிருக்கிறேன்’ என்று பேசிக்கொண்டே இருக்கும்போது பெட்டி வரட்டும். அது வரும் இடத்தில் உங்கள் முகமோ எழுத்தோ இல்லாதபடி படம் எடுக்கும்போதே கொஞ்சம் இடம் விடுங்கள்.

விதிகள் கொஞ்சம்தான். வீடியோ குறைந்தது 25 விநாடி இருக்க வேண்டும். பெட்டிகள் கடைசி 5 முதல் 20 விநாடிக்குள் மட்டுமே வரும். 4 பெட்டிவரை வைக்கலாம். எனக்குக் கேட்டால் 2 போதும். நீங்களே தேர்ந்தெடுத்த ஒரு வீடியோ, சப்ஸ்கிரைப் பட்டன், அவ்வளவுதான். ‘புதிதாகப் போட்டது’ என்கிற தானியங்கித் தேர்வை நான் வைக்கச் சொல்ல மாட்டேன். மண் கலவை பார்த்தவருக்கு நீங்கள் நேற்றுப் போட்ட ரோஜா வீடியோ எதற்கு?

இனி அந்த 6,000 ரூபாய்க்காரர். எண்டு ஸ்கிரீன் வைக்க எந்த வீடியோவையும் மறுபடி அப்லோடு செய்ய வேண்டியதில்லை. பழைய வீடியோவின் எடிட்டர் பக்கத்திலேயே சேர்க்கலாம். வியூஸ், கமெண்ட் எல்லாம் அப்படியே இருக்கும். மறுபடி ஏற்றினால் எல்லாம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். ஒரு வீடியோவில் வைத்த அமைப்பை இன்னொன்றுக்கு இறக்குமதி செய்யவும் வழி உண்டு, ஆகவே 60 வீடியோ என்பது இரண்டு மூன்று சாயங்கால வேலை. இவர் இந்த வகையில் முதல் ஆள் இல்லை. 2008-இல் யூடியூப் கொண்டுவந்த அனோட்டேஷன் என்கிற எழுத்துக் கட்டங்கள் நினைவிருக்கிறதா? கைப்பேசியில் அவை தெரியவே தெரியாது. 2017-இல் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தி, 2019 ஜனவரியில் இருந்தவற்றையும் அழித்துவிட்டார்கள். அதன் பிறகும் ‘அனோட்டேஷன் வைத்துத் தருகிறேன்’ என்று என் வாடிக்கையாளர் ஒருவரிடம் காசு வாங்கிய புண்ணியவான் உண்டு. ‘வியூஸுக்கு கேரண்டி’ என்று ஒருவர் சொன்னால், காசு கொடுத்துப் போலி வியூஸ் இறக்கப்போகிறார் என்று அர்த்தம். அது விதிமீறல்; பிடிபட்டால் போவது உங்கள் சேனல், அவருடையது அல்ல. யாராவது உதவியே ஆக வேண்டுமென்றால், ஸ்டுடியோ அமைப்புகளில் அனுமதிகள் என்ற பகுதி இருக்கிறது. அங்கே வருமான விவரம் தெரியாத எடிட்டராக அவரைச் சேர்க்கலாம், வேலை முடிந்ததும் நீக்கலாம். பாஸ்வேர்டுக்கு அவசியமே இல்லை.

பேத்தி வரும் வீடியோக்களுக்கு வருவோம். அப்லோடு செய்யும்போது ‘இது குழந்தைகளுக்கானதா?’ என்று கேட்டிருப்பார்கள். குழந்தை இருக்கிறதே என்று நீங்கள் ‘ஆம்’ கொடுத்திருப்பீர்கள். அப்படிக் கொடுத்தால் எண்டு ஸ்கிரீன் வராது, வீடியோவின் நடுவே இன்னொரு வீடியோவைக் காட்டும் கார்டு வராது, கமெண்டும் மூடிவிடும்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று யூடியூப் யாருக்கும் புரியும்படி சொல்வதில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். குழந்தைகளின் தகவலைப் பெற்றோர் சம்மதமின்றித் திரட்டியதாக அமெரிக்காவில் வழக்கு வந்து, 2019-இல் 17 கோடி டாலர் கொடுத்து முடித்தார்கள். அதன் விளைவாக 2020 தொடக்கத்திலிருந்து உலகம் முழுக்க எல்லோரும் ஒவ்வொரு வீடியோவுக்கும் இந்தப் பதிலைச் சொல்ல வேண்டும். ஒரு சட்டக் கேள்வியை ஒற்றை வரியில் கேட்டுவிட்டு, பொறுப்பைத் திருச்சியில் கத்தரிச்செடி வளர்க்கிறவர் தலையில் வைத்துவிட்டார்கள்.

அவர்கள் கேட்பது வீடியோவில் குழந்தை இருக்கிறதா என்று அல்ல. குழந்தைகள் பார்ப்பதற்காக எடுத்ததா என்பதுதான். பேத்தி தண்ணீர் ஊற்ற, நீங்கள் பெரியவர்களுக்கு உரம் பற்றிச் சொல்கிறீர்கள் என்றால் ‘இல்லை’ என்பதே சரியான பதில். அதே பேத்தி பொம்மையோடு உட்கார்ந்து, பாட்டுப் பாடி, சின்னக் குழந்தைகளுக்கு விதை போடச் சொல்லிக்கொடுத்தால் ‘ஆம்’. அந்த வீடியோவில் பெட்டி கிடைக்காது. அதற்காகப் பொய் சொல்லாதீர்கள். தவறாகக் குறித்தவற்றை வீடியோ விவரப் பக்கத்தில் பார்வையாளர்கள் என்ற பகுதியில் மாற்றலாம். ‘குழந்தைகளுக்கானது’ என்று யூடியூபே குறித்திருந்தால் உங்களால் மாற்ற முடியாது, மேல்முறையீடுதான் செய்ய வேண்டும். மேல்முறையீட்டுக்குப் பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள், டீச்சர்.

வைத்த பிறகு 28 நாள் விடுங்கள். ஸ்டுடியோவில் அனலிடிக்ஸ் என்கிற புள்ளிவிவரப் பக்கத்தில், வியூஸ் எங்கிருந்து வந்தது என்ற பட்டியலில் எண்டு ஸ்கிரீனுக்குத் தனி வரி இருக்கும். முதலில் உங்கள் சேனலில் அதிகம் பார்க்கப்பட்ட 5 வீடியோவுக்கு மட்டும் வைத்து அந்த வரியைப் பாருங்கள். மீதி 55 அப்புறம்.

உங்கள் வீடியோக்கள் மூன்றைப் பார்த்தேன். மாடியில் அடிக்கிற காற்றில் நீங்கள் பேசுவது பாதி கேட்கவில்லை. நானே நான்கு நிமிடத்தில் மூடிவிட்டேன், கடைசிவரை போகவே இல்லை. அந்த ஆளுக்குக் கொடுக்க வைத்திருந்த காசில், பஞ்சு உறை போட்ட காலர் மைக் ஒன்று வாங்கிவிடுங்கள்.