குதிரையில் பாருக்குப் போகும் நாள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் டெக்சாஸில், சான் அன்டோனியோவில் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் குதிரை வளர்ப்பவர். ‘குதிரையில் ஏறி பாருக்குப் போகும் நாள்’ என்று ஒன்று இருக்கிறதாம். அன்றைக்குக் கூட்டமாக பண்டேரா என்ற ஊருக்குப் போகிறோம், நீயும் வா என்று அழைத்திருக்கிறார். சில மாதங்களாக அவருடைய பண்ணையில்தான் குதிரையேற்றம் பழகி வருகிறேன். எனக்கு ஆசையாக இருக்கிறது. என் மனைவிக்கு இது அறவே பிடிக்கவில்லை. குடிப்பதற்கு ஒரு சாக்கு, அதற்காக வாயில்லா ஜீவனை வெயிலில் கட்டிப்போட வேண்டுமா என்று கேட்கிறாள். நண்பரோ, குடித்துவிட்டு கார் ஓட்டுவதைவிட இது நல்லதுதானே, குதிரைக்குத்தான் வீட்டுக்கு வழி தெரியுமே என்கிறார். நீங்கள் குதிரைகளைப் பற்றியும் அவை நடமாடும் ஊர்களைப் பற்றியும் எழுதி வருபவர் என்பதால் கேட்கிறேன். யார் சொல்வது சரி? இப்படியான நாட்களுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

கே.

அன்புள்ள கே.,

போய் வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் உங்கள் நண்பர் சொல்லும் காரணத்தை நம்பிப் போகாதீர்கள். உங்கள் மனைவி கேட்டதற்குப் பதில் தயார் செய்துகொண்டு போங்கள். அவர் கேட்பது சரியான கேள்வி.

அமெரிக்காவில் எந்தத் தேதியைத் தொட்டாலும் இப்படி ஒரு வினோத நாள் இருக்கும். அரசு அறிவித்ததில்லை, விடுமுறையும் கிடையாது. பெரும்பாலானவை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இந்த ஒன்று எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. இதைக் கொண்டாட வேண்டுமென்றால் அந்த ஊர் குதிரைக்கு இடம் விட்டிருக்க வேண்டும். கடை வாசலில் குதிரை கட்டும் கம்பு வேண்டும், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி வேண்டும், தார்ச் சாலையின் ஓரத்தில் கொஞ்சம் மண் வேண்டும், குதிரையைப் பார்த்ததும் வேகத்தைக் குறைக்கிற ஓட்டுநர்கள் வேண்டும். இவ்வளவும் இருக்கிற ஊர்கள் உலகத்தில் குறைந்துகொண்டே வருகின்றன. மிச்சமிருக்கும் ஊர்களில் ஒன்று உங்களுக்கு 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

பண்டேராவை ‘உலகத்தின் கௌபாய் தலைநகரம்’ என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். ஆயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர், மெடினா ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே பிரதான வீதியில் குதிரை கட்டும் கம்புகளை இன்றும் வைத்திருக்கிறார்கள். சுற்றியுள்ள பண்ணைகளிலிருந்து வருகிறவர்கள் குதிரையைக் கட்டிவிட்டு பாருக்குள் போவது அந்த ஊரில் யாரும் நின்று வேடிக்கை பார்க்கிற காட்சி அல்ல. தரைமட்டத்துக்குக் கீழே, மரத்தூள் பரப்பிய தரையோடு ஒரு பழைய பார் அங்கே உண்டு. இரவில் வாத்தியங்களோடு பாட்டுக் கச்சேரி நடக்கும். ஊருக்குப் போனால் அங்கேயும் எட்டிப் பாருங்கள்.

அந்த ஊருக்கு இந்தப் பழக்கம் சுற்றுலாவுக்காக ஒட்டவைத்தது இல்லை. 1874இல் ஜான் லைட்டில் என்ற மாட்டு வியாபாரி தெற்கு டெக்சாஸிலிருந்து நெப்ராஸ்கா வரைக்கும் மந்தையை ஓட்டிப்போனார். பிற்பாடு மேற்குத் தடம் என்று பெயர் பெற்ற வழி அது. அதன் தெற்கு முனையில் மந்தைகள் கூடும் ஊர்களில் ஒன்று பண்டேரா. அங்கிருந்து கான்சாஸின் டாட்ஜ் சிட்டிக்கும் அதைத் தாண்டியும் மாதக்கணக்கில் நடை. மாதச் சம்பளம் 30, 40 டாலர். பயணம் முடிகிற இடத்தில்தான் கையில் காசு வரும், அந்தக் காசுக்காக அங்கே பார்கள் வரிசையாகக் காத்திருக்கும்.

இந்த வரலாற்றில் பலர் கவனிக்காத ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். மந்தை ஓட்டிய கௌபாய்களில் பெரும்பாலோருக்கு அவர்கள் ஏறிய குதிரை சொந்தமில்லை. சேணம்தான் சொந்தம். ஒவ்வொருவரும் மாற்றி மாற்றி ஏறுவதற்கென்று குதிரைக் கூட்டம் ஒன்று மந்தையோடு கூடவே வரும். அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இருப்பான். பெரும்பாலும் சின்னப் பையன். ஊருக்குள் வந்தால் வாடகை லாயங்கள் உண்டு. காசு கொடுத்தால் குதிரைக்குத் தீனி, தண்ணீர், நிழல் எல்லாம் கிடைக்கும். இரவு முழுக்கப் பார் வாசலில் சேணத்தோடு நிற்கிற குதிரை என்பது அந்தத் தொழிலை அறிந்தவர்களுக்கு அசிங்கமான காட்சி. மறுநாள் உங்களைச் சுமக்க வேண்டிய உயிரை முந்தின நாள் ராத்திரி வாட்டி எடுக்கிற முட்டாள்தனத்தை யார் செய்வார்கள்? உங்கள் மனைவி சொல்வதைத்தான் அந்தக் காலத்து மேஸ்திரிகளும் சொல்லியிருப்பார்கள்.

பண்டேராவை விட்டுக் கொஞ்சம் தூரம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குதிரையும் மதுக்கடையும் சேர்ந்து வாழ்கிற ஊர் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஸ்பெயினின் எல் ரோசியோதான். அந்தலூசியாவில், உவெல்வா மாகாணத்தில், தொன்யானா சதுப்பு நிலக் காட்டின் விளிம்பில் இருக்கிற கிராமம். தெருக்கள் எல்லாம் மணல். தார் போடாமல் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள், குதிரைக் கால்களுக்காக. வீட்டுக்கு வீடு வாசலில் மரக்கம்பு. சில பார்களின் வெளித் திண்டு உயரமாக, சேணத்தில் உட்கார்ந்திருப்பவரின் கை எட்டுகிற அளவில் கட்டப்பட்டிருக்கும். குதிரையை ஓரமாக நிறுத்தி, இறங்காமலே ஒரு கோப்பை மன்சனீயா ஒயின் வாங்கிக் குடித்துவிட்டுப் போகலாம். ஒயினில் எலுமிச்சை சோடா கலந்த ரெபுஹீத்தோ என்ற பானமும் அங்கே பிரபலம்.

நான் அந்தத் தெருக்களில் நடந்தபோது என்னை ஈர்த்தது சத்தம்தான். மணலில் குளம்பொலி கேட்காது. முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பினால் குதிரை நிற்கும். கடை வாசலில் நான்கைந்து குதிரைகள் தலையைத் தொங்கவிட்டு, ஒரு பின்னங்காலை மடக்கி, அரைத் தூக்கத்தில் நிற்கின்றன. மேலே உட்கார்ந்திருப்பவர்கள் அரசியல் பேசுகிறார்கள். குதிரை ஒரு காலை இப்படித் தளர்த்தி நிற்கிறது என்றால் அது அச்சமில்லாமல் இருக்கிறது என்று பொருள். ஊரோடு பழகிய விலங்கு மட்டும்தான் அப்படி நிற்கும்.

ஆனால் அதே ஊரில், ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தகோஸ்தே திருவிழாவின்போது, மாதா கோயிலுக்கு யாத்திரையாக லட்சக்கணக்கில் கூட்டம் வரும். செவில்யா, காதிஸ் பக்கத்திலிருந்தெல்லாம் குதிரையிலும் மாட்டு வண்டியிலும் நாட்கணக்கில் வருவார்கள். ஆட்டமும் பாட்டும் குடியுமாக இரவுகள் கழியும். அந்தச் சமயத்தில் தண்ணீரும் ஓய்வும் இல்லாமல் குதிரைகளும் கழுதைகளும் செத்து விழுந்த செய்திகள் ஸ்பெயின் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. விலங்கு நல ஆர்வலர்கள் ஆண்டுதோறும் போராடுகிறார்கள். அவர்கள் போராடுவதில் நியாயம் இருக்கிறது. சாவது அதிகமும் அந்த ஊர்க்காரர் குதிரை இல்லை. வருஷம் முழுக்க லாயத்தில் சும்மா நின்றுவிட்டு, அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கப்பட்டு, உடம்பு பழகாமல் நாளெல்லாம் ஓட்டப்படுகிற குதிரைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். ஏறி உட்கார்ந்தவர் போதையில் இருந்தால் அது வியர்ப்பதும் மூச்சு வாங்குவதும் அவர் கண்ணில் படாது.

உங்கள் கேள்விக்கு இதில்தான் என் பதில் இருக்கிறது. குதிரையை மதுக்கடைக்குக் கொண்டுபோவது அதற்குக் கொடுமை அல்ல. அதைப் பற்றி யோசிக்கும் நிலையில் ஒருவர்கூட இல்லாமல் போவதுதான் கொடுமை.

இனி உங்கள் நண்பர் சொன்னது. குதிரைக்கு வழி தெரியும், உண்மைதான். லாயத்துப் பக்கம் திருப்பிவிட்டால் நடை வேகமெடுப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் அதற்கு வழிதான் தெரியும், போக்குவரத்து தெரியாது. வளைவில் எதிரே வருகிற லாரி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று அது கணக்குப் போடாது. பயந்தால் ஓடும், இரையாகும் விலங்குகளின் இயல்பு அது. சுமார் 450, 500 கிலோ எடையுள்ள விலங்கு தார்ச் சாலையில் இரும்பு லாடத்தோடு வழுக்கி விழுந்தால் மேலே இருப்பவர் கதி என்ன? நிதானத்தில் இருப்பவர் சேணத்தில் உடம்பின் எடையை மாற்றி, கடிவாளத்தை மென்மையாகப் பிடித்து, அதன் பயத்தைத் தணிக்கிறார். போதையில் போவது இந்த நிதானம்தான். குடித்தவரின் கை முதலில் கடிவாளத்தைத்தான் வெடுக்கென்று இழுக்கும், வலி குதிரையின் வாய்க்கு.

சட்டமும் உங்கள் நண்பர் நினைக்கிற அளவுக்கு இளக்கமாக இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1872ஆம் ஆண்டின் மது உரிமச் சட்டம், பொது இடத்தில் குடிபோதையில் குதிரையையோ, மாட்டையோ, வண்டியையோ, நீராவி இயந்திரத்தையோ நடத்துவது குற்றம் என்கிறது. இன்றும் நடைமுறையில் இருக்கிற பிரிவு அது. கலிபோர்னியாவில் சாலையில் குதிரை ஏறுகிறவருக்கு வண்டி ஓட்டுகிறவருக்குரிய அத்தனை கடமைகளும் உண்டு. 2018இல் லாங் பீச் அருகே வெள்ளைக் குதிரையோடு 91ஆம் எண் அதிவேகச் சாலையில் ஏறிவிட்ட ஒருவரை, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய குற்றத்துக்காகவே பிடித்தார்கள். பென்சில்வேனியாவில் 2004இல் கதை வேறு மாதிரி முடிந்தது. போதையில் வண்டி ஓட்டுவதற்கான சட்டத்தைக் குதிரை ஏறியவர் மீது எப்படிப் பொருத்துவது என்பது தெளிவாக இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை ஏற்காத நீதிபதி மைக்கேல் ஈக்கின், தன் மாற்றுத் தீர்ப்பைச் செய்யுளாகவே எழுதினார். உங்கள் டெக்சாஸில் போதை ஓட்டுநர் சட்டம் மோட்டார் வாகனத்துக்குத்தான். ஆனால் பொது இடத்தில் தனக்கோ பிறருக்கோ ஆபத்து வரும்படி போதையில் இருப்பது தனிக் குற்றம். அதற்குக் குதிரையில் போகிறவர், நடந்து போகிறவர் என்ற பேதமெல்லாம் இல்லை.

சரி, எப்படிப் போக வேண்டும்? முதலில் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். கோடையானால் அந்த மலைப்பாங்கான பகுதியில் மதிய வெயில் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். காலையில் கிளம்பி, வெயில் ஏறுமுன் ஊருக்குள் சேர்ந்து, நிழலான இடத்தில் கட்டி, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவதுதான் நல்லது. பொழுது சாய்ந்தபின் சாலையோரம் வர நேர்ந்தால், உங்களுக்கு ஒளிரும் மேற்சட்டையும் குதிரையின் கால்களுக்கு ஒளிரும் பட்டைகளும் இல்லாமல் வராதீர்கள். தலைக்கவசம் எப்போதும் வேண்டும், கௌபாய் தொப்பி போட்டோவுக்கு இருக்கட்டும்.

கட்டுவதைக் கற்றுக்கொண்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கடிவாளத்தைக் கொண்டு ஒருபோதும் கட்டாதீர்கள். அது வாயிலிருக்கும் இரும்போடு சேர்ந்தது. குதிரை மிரண்டு பின்னால் இழுத்தால் நாக்கும் தாடையும் கிழிந்துபோகும். கடிவாளத்துக்குக் கீழே தலைக்கயிறு ஒன்றைப் போட்டே கூட்டிப்போங்கள், அதில்தான் கட்ட வேண்டும். குதிரையின் தோள்மேட்டு உயரத்தில், ஒரு முழ நீளத்துக்கு மேல் விடாமல், ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போடுங்கள். கயிறு நீளமாக இருந்தால் முன்னங்கால் அதில் மாட்டிக்கொள்ளும். நின்றதும் சேணத்தின் வயிற்றுப் பட்டையைத் தளர்த்துங்கள், ஏறும்முன் மறக்காமல் மறுபடி இறுக்குங்கள். தண்ணீர் நிறையக் கொடுங்கள். வளர்ந்த குதிரை சாதாரண நாளிலேயே 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். முறைத்துக்கொள்கிற இரண்டு குதிரைகளை அருகருகே கட்டாதீர்கள். உங்கள் நண்பருக்கு எது எதோடு ஒத்துப்போகும் என்று தெரிந்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் முக்கியமானது. கூட்டத்தில் ஒருவர் எந்நேரமும் குதிரைகளோடு வெளியே நிற்க வேண்டும். அரைமணிக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்ளலாம். உள்ளே போகிறவர்களும் குதிரையில் திரும்பப்போகிறார்கள் என்றால் எலுமிச்சைச் சாறோ சோடாவோதான் குடிக்க வேண்டும். பீர் வேண்டும் என்கிறவர்களுக்காக, குதிரைகளை ஏற்றிப்போகும் டிரெய்லரும் குடிக்காத ஓட்டுநரும் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நீங்கள் சில மாதங்களாகப் பழகுபவர் என்பதால் உங்களுக்கு அன்றைக்கு ஒரு சொட்டும் வேண்டாம். உங்கள் உட்காரும் முறை இன்னும் உடம்பில் படிந்திருக்காது, கவனம் முழுவதும் தேவைப்படும்.

உங்கள் மனைவியையும் அழைத்துப்போங்கள். அவர் குதிரை ஏற வேண்டியதில்லை, காரில் வரட்டும். அவர் கண்ணுக்குச் சரியில்லை என்று பட்டால் அதைச் சொல்லும் உரிமை அவருக்கு இருக்கட்டும். இந்த ஏற்பாடுகளுக்கு உங்கள் நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் நீங்களும் காரிலேயே போங்கள். பண்டேராவின் வீதியில் கட்டியிருக்கும் குதிரைகளைப் பார்ப்பதே நல்ல அனுபவம். தொடுவதானால் அவற்றின் சொந்தக்காரரைக் கேட்டுவிட்டு, பக்கவாட்டிலிருந்து பேசிக்கொண்டே போய்த் தொடுங்கள்.