போருக்குப் போகாதவர் போரை எழுதலாமா?

கேள்வி: சென்ற இதழில் ஜான் கீகன் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியரை மிகவும் உயர்த்தி எழுதியிருந்தீர்கள். அவர் ஒரு நாள்கூடப் பட்டாளத்தில் இருந்ததில்லை என்றும் நீங்களே சொல்கிறீர்கள். பிள்ளை பெற்றவளுக்குத்தான் வலி தெரியும். துப்பாக்கி பிடிக்காதவர், பொதுஜனம் வாங்கிப் படிப்பதற்காகக் கதைபோல எழுதிய புத்தகங்களை ராணுவ வரலாறு என்று எப்படி ஏற்றுக்கொள்வது? சண்டை போட்டவர்கள் எழுதட்டுமே!
(முன்னாள் ராணுவத்தினர் ஒருவர், வேலூர்)

பதில்: நீங்கள் பட்டாளத்தில் இருந்தவர். நான் இல்லை. அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் நீங்கள் சொன்ன பழமொழி பாதி வழிதான் வருகிறது. பெற்றவளுக்கு வலி தெரியும், சரி. குழந்தை குறுக்கே திரும்பிக் கிடக்கும்போது நாம் யாரைத் தேடி ஓடுகிறோம்? மருத்துவச்சியை. அவளை வாசலில் நிறுத்தி, 'நீ பெற்றிருக்கிறாயா?' என்று யாரும் கேட்பதில்லை. நூறு பெண்கள் பட்ட வலியை அருகிலிருந்து பார்த்து, கேட்டு, ஒப்பிட்டுத் தெரிந்துகொண்டது அவளுடைய அறிவு. கீகனுடைய அறிவும் அந்த வகைதான்.

கீகன் பட்டாளத்துக்குப் போகாததற்குக் காரணம் பயமோ வசதியோ இல்லை. 1934இல் லண்டனில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிறுவனாக இங்கிலாந்தின் மேற்குப் பகுதியான சாமர்செட்டில் வளர்ந்தார். ஜெர்மானியர் பிடித்திருந்த பிரான்ஸின் நார்மண்டி கடற்கரைமேல் நடந்த படையெடுப்புக்கு முன் அமெரிக்கச் சிப்பாய்கள் வந்து குவிந்திருந்த ஊர்ப்பக்கம் அது. 1944 ஜூனில் ஒரு மாலை, வீட்டுக்கு மேலே வானம் முழுக்க விமானங்களின் சத்தம் நிறைந்து, சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் நகர்ந்து போனதைப் பத்து வயதுப் பையன் தோட்டத்தில் நின்று பார்த்திருக்கிறான். சில ஆண்டுகளில் எலும்பில் காசநோய் வந்தது. பதின்பருவத்தின் பெரும்பகுதி படுக்கையில் போனது. கால் நிரந்தரமாக ஊனமானது. 1952இல் கட்டாய ராணுவச் சேவைக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். அன்று காலை அவரைக் கடைசியாகப் பார்த்தவர் கால்களைப் பரிசோதிக்கும் மருத்துவர். அவர் தலையை ஆட்டிவிட்டு, படிவத்தில் ஏதோ எழுதி, நீ போகலாம் என்று சொல்லிவிட்டார். எந்தப் படைக்கும் எக்காலத்திலும் தகுதியற்றவர் என்று பிறகு அரசாங்கக் கடிதம் வந்தது. ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து எழுதிய புத்தகத்தின் முன்னுரையில்கூட அந்தக் காலை நேரம் அவருக்கு அப்படியே நினைவிருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் வரலாறு படித்தார். அமெரிக்கா போய் அங்கே உள்நாட்டுப் போர் நடந்த களங்களைச் சுற்றிப் பார்த்தார். லண்டனிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் கொஞ்ச காலம் வேலை. அப்புறம் 1960இல், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். 26 ஆண்டுகள் அங்கேதான்.

அந்த வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். எதிரே, நாளைக்கு ஆட்களைக் களத்துக்கு நடத்திப்போகப்போகிற இளைஞர்கள். பக்கத்து அறையில், உண்மையான குண்டுகளுக்கு நடுவே நின்று வந்த அதிகாரிகள். நடுவில், நொண்டியபடி வந்து போர் வரலாறு சொல்லிக்கொடுக்கும் இவர். உங்கள் கேள்வியை யாரும் அவரிடம் கேட்கத் தேவையிருக்கவில்லை. தினமும் அவரே தன்னிடம் கேட்டுக்கொண்டார். 1976இல் வெளிவந்து அவருக்குப் பெயர் வாங்கித்தந்த 'தி ஃபேஸ் ஆஃப் பேட்டில்' (போரின் முகம்) எப்படித் தொடங்குகிறது தெரியுமா? தான் எந்தப் போர்க்களத்திலும் இருந்ததில்லை, அருகில் போனதில்லை, தூரத்திலிருந்து ஓசையைக்கூடக் கேட்டதில்லை, முடிந்தபின் களம் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் இல்லை என்றுதான். உங்கள் குற்றச்சாட்டைத் தன் புத்தகத்தின் முதல் வரியாகவே எழுதிவைத்துவிட்டார் அந்த மனிதர்.

சண்டை போட்டவர்கள் எழுதட்டும் என்கிறீர்கள். எழுதித்தானே வந்தார்கள்! வில்லியம் நேப்பியர் நெப்போலியன் காலத்து ஸ்பெயின் போரில் நேரில் நின்று காயம்பட்ட அதிகாரி. அந்தப் போரின் புகழ்பெற்ற வரலாற்றை எழுதியவரும் அவரே. 1811இல் ஸ்பெயினின் அல்புவேராவில் ஆங்கிலேயப் படை மலைச்சரிவில் ஏறிய காட்சியை அவர் எழுதிய பகுதியைக் கீகன் எடுத்து அலசுகிறார். மொழி கம்பீரமானது. ஆனால் அதில் ஒரு படைப்பிரிவு முழுவதும் ஒரே உடம்புபோல நகர்கிறது. தயங்கியவன் இல்லை, தடுக்கி விழுந்தவன் இல்லை, பக்கத்து ஆள் செத்ததைப் பார்த்து ஒதுங்கியவன் இல்லை. போரில் இருந்தவரின் பேனாவே போரில் இருந்த மனிதனை அழித்துவிட்டது. காரணம், வெற்றியை எப்படி எழுத வேண்டும் என்ற மரபு அவருக்கு முன்பே தயாராக இருந்தது.

வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆங்கிலேயப் படைத்தளபதி வெலிங்டன் பிரபு, அந்தப் போரின் வரலாற்றை எழுத விரும்பியவருக்கு என்ன பதில் சொன்னார்? போரின் வரலாறு ஒரு நடன விருந்தின் வரலாறுபோல. நடந்த சின்னச் சின்னச் சம்பவங்கள் ஆளாளுக்கு நினைவிருக்கலாம், எது முன்னே எது பின்னே என்று எவராலும் சொல்ல முடியாது என்றார். களத்தில் நின்றவனுக்குத் தன் முன்னால் இருக்கும் பத்து கஜம்தான் தெரியும். புகையில் அதுவும் தெரியாது. இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பத்துப் பத்து கஜங்களை யாராவது ஒருவர் உட்கார்ந்து கோத்தாக வேண்டும். 1830களில் வில்லியம் சைபோர்ன் என்ற அதிகாரி, உயிரோடிருந்த வாட்டர்லூ அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, நீங்கள் எங்கே நின்றீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். அவரும் அன்று அந்தக் களத்தில் இல்லாதவர். அவருக்கு வந்த பதில்கள் இல்லாவிட்டால் கீகனின் வாட்டர்லூ அத்தியாயம் இல்லை.

கீகன் எடுத்துக்கொண்டவை மூன்று போர்கள்: 1415இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய அஜின்கூர், 1815இல் வாட்டர்லூ, 1916இல் முதல் உலகப் போரின் சோம். எந்தத் தளபதி எந்தப் பக்கம் அம்புக்குறி போட்டார் என்பதைச் சீக்கிரம் கடந்துவிடுகிறார். சிப்பாய் இரவு தூங்கினானா, சாப்பிட்டானா, குடித்திருந்தானா, அவனுக்கு என்ன கேட்டது, ஏன் ஓடிப்போகாமல் நின்றான், விழுந்தவனை யார் தூக்கினார்கள்? இவைதான் அவருடைய கேள்விகள்.

அஜின்கூரைப் பாருங்கள். இரண்டு காடுகளுக்கு நடுவே ஒடுங்கிய நிலம். புதிதாக உழுத வயல். இரவெல்லாம் மழை. 25, 30 கிலோ கவசத்தோடு பிரெஞ்சு வீரர்கள் சேற்றில் நடந்து வருகிறார்கள். பக்கவாட்டில் அம்பு விழ விழ நடுவில் நெருக்கிக்கொள்கிறார்கள். ஆங்கிலேயரை எட்டும்போது கையை ஓங்கி வாளை வீச இடமில்லை. பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாததால் தள்ளுகிறார்கள். ஒருவன் விழுந்தால் அவன்மேல் அடுத்தவன். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் சிக்கி மூச்சு முட்டியவர்களுக்கு அந்தத் தள்ளுமுள்ளு உடம்பிலேயே புரியும். அந்நாளைய எழுத்தாளர்கள் பிணங்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்தன என்று எழுதினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் எல்லோரும் திருப்பி எழுதினார்கள். கீகன் நிறுத்தி, முடியுமா என்று கேட்கிறார். நாஜிகளின் பெல்சன் வதைமுகாமில் பிணங்களைப் புதைத்தபோது எடுத்த படச்சுருளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மனித உடல்கள் சுவர்போல அடுக்கி நிற்காது, பரந்துதான் கிடக்கும் என்கிறார். அந்த வரியைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிவைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீரப் புராணத்தில் ஒரு பொய்யை எடுக்க, தன் காலத்தின் மிகக் கொடிய காட்சியைக் கண் திறந்து பார்த்திருக்கிறார்.

வாட்டர்லூவிலும் அதே முறைதான். சதுரமாக அணிவகுத்து நின்ற காலாட்படையைக் குதிரைப்படையால் ஏன் உடைக்க முடியவில்லை? ஓவியங்களில் குதிரைகள் துப்பாக்கி முனைமேல் பாய்கின்றன. நிஜத்தில், நெருக்கமாக நிற்கும் மனிதர்கள்மேல் குதிரை மோதாது. விலகும் அல்லது நின்றுவிடும். குதிரையை அறிந்த எவரும் சொல்லியிருக்கக்கூடியது. வரலாற்றாசிரியர்கள்தான் குதிரையைப் பற்றி யோசிக்கவில்லை.

'கதைபோல', 'பொதுஜனத்துக்காக' என்று சொன்னீர்களே, அதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள். அதற்கு முன் ஏழு நாட்களில் சுமார் 15 லட்சம் குண்டுகளை பிரிட்டிஷ் பீரங்கிகள் பொழிந்திருந்தன. முள்கம்பி பல இடங்களில் அறுபடவில்லை. 30 அடி ஆழப் பதுங்கறைகளிலிருந்த ஜெர்மானியர்கள் மேலே ஏறி வந்து இயந்திரத் துப்பாக்கிகளை நிறுத்திக்கொண்டார்கள். முதுகில் ஏறக்குறைய 30 கிலோ சுமையோடு நடந்து வந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் 57,470 பேர் அந்த ஒரே நாளில் விழுந்தார்கள். அவர்களில் 19,240 பேர் மரணம். இந்த எண்கள் எல்லாப் பாடநூலிலும் இருக்கின்றன. கீகனோ, சில வாரங்கள் கழித்து அந்த இடத்தைக் கடந்த ஓர் அதிகாரியின் நினைவுக்குறிப்பைத் தேடி எடுத்துத் தருகிறார்: தூக்கிவர ஆளில்லாத காயம்பட்டவர்கள் குண்டுக்குழிகளுக்குள் ஊர்ந்துபோய், மழைத்துணியைச் சுற்றிக்கொண்டு, பைபிளை எடுத்து வைத்துக்கொண்டு, அப்படியே செத்திருந்தார்கள். இதைச் சாதாரண ஜனங்கள் படிப்பதில் என்ன குறை? அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோர் சாதாரண ஜனங்களின் பிள்ளைகள்தானே.

கீகனிடம் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. சென்ற இதழில் அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. 1986இல் கல்லூரியை விட்டு டெய்லி டெலிகிராஃப் நாளிதழுக்குப் போனார். அதன்பிறகு எழுதியவற்றில் பெரிய புத்தகங்கள் உண்டு. 1993இல் வந்த போர்களின் பொது வரலாறு பரிசும் பெற்றது. ஆனால் அதில் கிளாஸ்விட்ஸ் என்ற ஜெர்மானியப் போர்ச் சிந்தனையாளரை அவர் புரிந்துகொண்ட விதம் தவறு என்று அத்துறை அறிஞர்கள் வாதிட்டார்கள்; அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். 2009இல் வந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் புத்தகத்தில் தகவல் பிழைகள் இருந்தன. 1999இல் கொசோவோவில், விமானத் தாக்குதலால் மட்டும் போரை வெல்ல முடியாது என்று எழுதிவந்தவர், நேட்டோ படைகளின் 78 நாள் குண்டுவீச்சில் யூகோஸ்லாவிய அதிபர் மிலோசெவிச் பணிந்ததும், நான் தவறு என்று தன் பத்திரிகையிலேயே வெளிப்படையாக எழுதினார். எத்தனை பேர் அப்படி எழுதுவார்கள்? ஆனால் 2003 இராக் போரை ஆதரித்து அடுத்த ஆண்டே ஒரு புத்தகம் எழுதினாரே, அங்கே எனக்கு அவரோடு பெரிய மனத்தாங்கல். பாக்தாத் வீழ்ந்த விதத்தை விவரிப்பதில் இருந்த வேகம், அதற்கு ஏன் போனார்கள் என்பதைத் துருவுவதில் இல்லை. சோம் களத்துக் குழியில் கிடந்தவனைத் தேடிப்போனவர், இராக்கில் தளபதிகளின் வரைபடத்தோடு நின்றுவிட்டார். 2012 ஆகஸ்டில் காலமானார். சர் பட்டம், பரிசுகள் எல்லாம் வந்தன. என்னைப் பொறுத்தவரை அந்த 1976 புத்தகம் ஒன்றே போதும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அதில் சோம் அத்தியாயத்தை மட்டும் முதலில் படியுங்கள். களத்தில் நின்றவர் என்ற முறையில், அவர் எங்கே தவறிவிட்டார், எதைப் பார்க்காமல் விட்டார் என்று தோன்றுகிறதோ, அதைப் பக்க எண்ணோடு எழுதி அனுப்புங்கள். ஒரு வரியும் வெட்டாமல் இதே பக்கத்தில் அச்சிடுகிறேன்.