எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, பிஎச்.டி.க்காக ஏழு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். மூன்று பேராசிரியர்கள் பரிந்துரைக் கடிதம் தந்தார்கள். ஓரிடத்தில் உதவித்தொகையோடு இடமும் கிடைத்துவிட்டது. இடையில் எங்கள் ஊர்ப் பள்ளியில் நான்கு மாதம் தற்காலிகமாக ப்ளஸ் டூவுக்குப் பாடம் எடுத்ததில் மனம் மாறிவிட்டது. பி.எட். சேரப்போகிறேன். வீட்டில் சொல்லியாயிற்று. அந்த மூன்று பேரிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? ஒரு மாதமாகத் துறைப் பக்கமே போகவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரு மாதம்தானே. நான் ஆறு வருடம் ஒளிந்திருந்தவன்.

எங்கள் காலத்தில் கடிதம் தபாலில்தான் போகும். என் பேராசிரியர் தானே டைப் அடித்து, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டு, அதன்மேல் செலோடேப்பும் ஒட்டிக் கொடுத்தார். நான் பத்திரிகை வேலைக்குப் போய்விட்டேன். அவர் பஸ் ஸ்டாப்பில் நின்றால் அடுத்த ஸ்டாப் வரை நடப்பேன். கடைசியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் அவர். ரசம் வரும்வரை பேசவில்லை. பிறகு, “ஏம்ப்பா, அங்க குளிர் ரொம்பவோ?” என்றார். நான் போகவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. ஆறு வருடமாக ஜூனியர் பையன்களிடம் என்னை அமெரிக்காவில் வைத்தே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்! அன்று பாயசம் எனக்கு இறங்கவில்லை.

முதலில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ‘வரவில்லை’ என்று எழுதிவிடுங்கள். உதவித்தொகையோடு இடம் தருபவர்கள் பெரும்பாலும் ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவார்கள். அதற்காகக் கடைசி நாள் வரை இழுக்க வேண்டாம். காத்திருப்புப் பட்டியலில் யாரோ ஒருவர் தினமும் மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த வருடம் உங்கள் ஜூனியர் அங்கே விண்ணப்பித்தால் இதே பேராசிரியரின் கையெழுத்துதான் போகும், அதையும் யோசியுங்கள்.

பிறகு மூவரையும் நேரில் பாருங்கள், வேறு யார் மூலமாவது அவர்கள் காதுக்குப் போவதற்கு முன்பே. ஏழு பல்கலைக்கழகம், மூன்று பேர்: மொத்தம் 21 தடவை. டிசம்பரில், விடைத்தாள் கட்டுக்கு நடுவே, பல்கலைக்கழகங்கள் அனுப்பிய லிங்க்கை ஒவ்வொன்றாகத் திறந்து, ‘இந்த மாணவரை எத்தனை வருடமாகத் தெரியும், மாணவர்களில் முதல் 5 சதவீதத்திலா 10 சதவீதத்திலா’ என்று நிரப்பியிருக்கிறார்கள். இடம் கிடைத்த செய்தியை முதலில் சொல்லுங்கள். அவர்கள் எழுதியது பலித்தது என்று தெரிய வேண்டாமா? பி.எட். விஷயம் இரண்டு வரி போதும். மன்னிப்புக் கேட்காதீர்கள். கடனுக்கு ஜாமீன் போட்டவர்களை ஏமாற்றிவிட்டதுபோல் பயப்படுகிறீர்கள். ஆய்வகத்தில் இந்தப் பையன் எப்படி இருந்தான் என்று அவர்கள் சாட்சிதான் சொன்னார்கள். நீங்கள் பி.எட். சேர்வதால் அது பொய்யாகிவிடாது. பொதுவாக ‘நன்றி சார்’ என்று நிறுத்தாமல், அவர் பாடத்திலிருந்து ப்ளஸ் டூ வகுப்பில் நீங்கள் எடுத்தாண்ட ஒன்றைச் சொல்லுங்கள்.

மூவரில் ஒருவர், “நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்” என்றிருப்பார். அவருக்கும் நன்றி உண்டு, நின்றபடியே சொல்லிவிட்டு வரலாம்.

இன்னொருவர், “வாத்தியார் வேலைக்கா இவ்வளவு படிச்சே?” என்று கேட்கக்கூடும். அவரும் வாத்தியார்தான் என்பதை அந்த நேரத்தில் ஞாபகப்படுத்த வேண்டாம்.