சீன எழுத்துக்கலையின் மாபெரும் மேதைகள் யார்? சீன மொழி தெரியாமல் அவர்கள் எழுதியதை ரசிக்க முடியுமா?

முடியும். எனக்கும் சீனம் வாசிக்க வராது. கொஞ்சம் எழுத்துகளை அடையாளம் தெரியும், அவ்வளவுதான். தூரிகை பிடித்து எழுதப் பழகுவதால் பழைய மேதைகளின் கையெழுத்தை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

மேதைகள் என்று கேட்டால் இருபது பெயர்களை வரிசையாகச் சொல்லிவிடலாம். அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இருக்காது. மூன்றே மூன்று படைப்புகளைப் பொறுமையாகப் பாருங்கள். வாங் ஷிஜியின் லான்டிங் முன்னுரை, யென் ஜென்ச்சிங் தன் அண்ணன் மகனுக்கு எழுதிய இரங்கல் வரைவு, சூ ஷியின் குளிர் உணவு நாள் கவிதைகள். நடையெழுத்தில் முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என்று சீனர்களே இவற்றை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். நடையெழுத்து என்றால் என்ன என்பதற்குச் சூ ஷி சொன்னதாக ஒரு விளக்கம் உண்டு: திருத்தமான எழுத்து நிற்பது போல, நடையெழுத்து நடப்பது போல, வேக எழுத்து ஓடுவது போல. இதைவிட எளிமையாக யாரும் சொல்லிவிட முடியாது.

இந்த மூன்றிலும் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. எதுவுமே அழகாகப் படியெடுத்து வைத்த சுத்தப் பிரதி கிடையாது. மூன்றிலும் திருத்தம் இருக்கிறது. அடித்தது, மேலே எழுதியது, விட்டுப்போய்ப் பக்கத்தில் செருகியது எல்லாம் அப்படியே தெரிகிறது. உச்சம் என்று ஒரு நாடே கொண்டாடுகிற எழுத்து இப்படி இருக்கிறது என்பதே மொழி தெரியாதவருக்கு நல்ல நுழைவாயில். எழுதியவரின் கை எங்கே தயங்கியது, எங்கே வேகம் எடுத்தது என்று பார்க்க அகராதி தேவையில்லை.

முதலில் வாங் ஷிஜி. காலம் 303 முதல் 361 வரை, கிழக்கு ஜின் அரச காலம். இளமையில் அவருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர் வெய் அம்மையார் என்ற பெண்மணி. சீன எழுத்துக்கலையின் 'முனிவர்' என்று போற்றப்படுபவரின் ஆசான் ஒரு பெண் என்பதைப் பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். 353ஆம் ஆண்டு, மூன்றாம் மாதம் மூன்றாம் நாள், இன்றைய ஷாவ்ஷிங் நகருக்கு அருகே லான்டிங் என்ற இடத்தில் நண்பர்களும் உறவினருமாக நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். வளைந்து ஓடும் நீரோடையில் மதுக் கிண்ணங்களை மிதக்கவிட்டார்கள். கிண்ணம் யார் முன்னால் நிற்கிறதோ அவர் கவிதை சொல்ல வேண்டும், இல்லையென்றால் குடிக்க வேண்டும். அன்று பிறந்த கவிதைகளுக்கு வாங் ஷிஜி எழுதிய முன்னுரைதான் இது. 28 வரிகள், 324 எழுத்துகள். வசந்தத்தின் மகிழ்ச்சியில் ஆரம்பித்து, இதெல்லாம் கடந்துபோய்விடுமே என்ற துக்கத்தில் போய் முடிகிறது. 'ழி' என்று உச்சரிக்கிற ஒரு சின்ன எழுத்து அதில் ஏறக்குறைய இருபது முறை வருகிறது. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. உங்களுக்கு ஓர் எழுத்தும் தெரியாவிட்டால்கூட இந்த ஒன்றை மட்டும் அடையாளம் வைத்துக்கொண்டு தேடிப் பாருங்கள். மறுநாள் போதை தெளிந்ததும் அதையே திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தார், முதல் நாள் எழுதியதற்கு ஈடாக வரவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள்.

மூலப் பிரதி இப்போது இல்லை. தாங் அரச மரபைச் சேர்ந்த பேரரசர் தைசோங்குக்கு வாங் ஷிஜியின் எழுத்து மேல் அப்படியொரு பித்து. பியென்சாய் என்ற துறவியிடம் மூலம் இருப்பதைத் தெரிந்துகொண்டு, ஓர் அதிகாரியை மாறுவேடத்தில் அனுப்பி நட்பு பாராட்டவைத்து அதைக் கவர்ந்துவரச் செய்தார் என்பது புகழ்பெற்ற கதை. 649இல் பேரரசர் இறந்தபோது அதுவும் அவரோடு கல்லறைக்குள் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். இன்று நாம் பார்ப்பது அரண்மனையில் செய்த பிரதிகளைத்தான். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கும் பிரதியை ஃபெங் செங்சூ என்பவர் செய்ததாகக் கருதுகிறார்கள். மெல்லிய தாளை மேலே வைத்து, ஒவ்வொரு எழுத்தின் விளிம்பையும் முடியளவு கோட்டால் வரைந்துகொண்டு, பிறகு உள்ளே மையை நிரப்புவது அந்தக் காலத்து முறை. அதனால் மூலத்தில் வாங் ஷிஜி விட்டுவிட்டுப் பக்கத்தில் செருகிய 'உயர்ந்த மலை' என்ற இரண்டு எழுத்துகளும் அதே இடத்தில் செருகலாகவே இருக்கின்றன. தூரிகை மயிர் பிரிந்து இரண்டு கோடாக விழுந்த இடத்தைக்கூட விடாமல் எடுத்திருக்கிறார்கள். அவ்வளவு பக்தி. வாங் ஷிஜியின் பெயரில் இன்று எங்கே எதைப் பார்த்தாலும் அது பிரதிதான். அவர் கைபட்ட தாள் ஒன்றும் மிஞ்சவில்லை.

என் மனத்தில் முதல் இடம் யென் ஜென்ச்சிங்கின் இரங்கல் வரைவுக்குத்தான். மரபான வரிசையில் அது இரண்டாவது. ஆனால் லான்டிங் போல இன்னொருவர் செய்த பிரதி அல்ல இது, அவரே எழுதிய தாள்.

755இல் ஆன் லூஷான் என்ற தளபதி தாங் அரசுக்கு எதிராகக் கலகம் செய்தான். அப்போது யென் ஜென்ச்சிங் பிங்யுவான் என்ற ஊரின் ஆட்சியாளர். அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் யென் காவ்ச்சிங் சாங்ஷான் என்ற ஊருக்கு ஆட்சியாளர். இரண்டு பேரும் கலகத்தை எதிர்த்து நின்றார்கள். அண்ணன் மகன் ஜிமிங் இரண்டு ஊருக்கும் இடையே செய்தி சுமந்து போய்வந்தான். 756இல் சாங்ஷான் முற்றுகைக்குள் சிக்கியது. படையோடு உதவிக்கு வந்திருக்க வேண்டியவர் வரவில்லை. ஊர் விழுந்தது. அண்ணனும் மகனும் குடும்பத்தில் இன்னும் பலரும் கொல்லப்பட்டார்கள். 758இல் உறவினர் ஒருவர் தேடிப்போய்க் கொண்டுவந்தபோது ஜிமிங்கின் தலை மட்டுமே கிடைத்தது. அதை முன்னிட்டு நடந்த சடங்கில் வாசிப்பதற்காக எழுதிய இரங்கல் உரையின் வரைவு இது.

இனி தாளைப் பாருங்கள். வலது ஓரத்திலிருந்து மேலிருந்து கீழாக வாசிக்க வேண்டும். தொடக்கத்தில் தேதி, தன் பதவிப் பெயர்கள். கை அடக்கமாகவே போகிறது. ஓர் அரசு அதிகாரி முறைப்படி எழுதுகிற எழுத்து. சிறுவனின் நல்ல குணத்தைச் சொல்லத் தொடங்கும்போதும் பெரிய மாற்றம் இல்லை. முற்றுகைக்கு வந்ததும் எல்லாம் மாறுகிறது. எழுத்துகள் பெரிதாகின்றன, வரிகள் சாய்கின்றன. உதவ மறுத்தவனைப் பற்றி எழுதுகிறார், அடிக்கிறார், மறுபடி எழுதுகிறார். 'தந்தை சிக்கினார், மகன் மாண்டான். கூடு கவிழ்ந்தது, முட்டைகள் உடைந்தன' என்ற இடத்தைச் சுற்றித் திருத்தம் குவிந்துகிடக்கிறது. மையைக் கவனியுங்கள். தூரிகையைத் தோய்த்ததும் கறுப்பாக விழுகிறது. பிறகு மை தீர்ந்து, கோடு வறண்டு, தாளின் வெண்மை இடையில் தெரிகிறது. அப்போதும் அவர் நிறுத்துவதில்லை, தேய்த்துத் தேய்த்து எழுதிக்கொண்டே போகிறார். ஒரு முழுத் தோய்ப்பு எங்கே தொடங்கி எங்கே வற்றுகிறது என்று உங்கள் விரலாலேயே தொடர்ந்து போக முடியும். கடைசி வரிகள் கிட்டத்தட்ட ஓட்டம்தான், எழுத்துகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கீழே இறங்குகின்றன.

இதே மனிதர்தான் 752இல் சியான் நகரின் 'பல ரத்தினங்கள் கோபுரம்' கல்வெட்டை எழுதினார். அதில் ஒரு கோடுகூடப் பிசகாது. ஒவ்வோர் எழுத்தும் தூண் போல நிற்கும். இன்றும் பழகுபவர்கள் பலர் யென் எழுத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள், நானும் அப்படித்தான். அந்தக் கட்டுப்பாடு கைவந்த ஒருவர் அதை இழந்து எழுதிய தாள் என்று தெரிந்து பார்க்கும்போது மனம் கலங்கிவிடுகிறது. பிற்காலத்தில் இன்னொரு கலகத் தலைவனிடம் தூது போகச் சொல்லி அரசு அவரை அனுப்பியது. எழுபது வயதைத் தாண்டியவர், பணிய மறுத்து 785இல் அங்கேயே கொல்லப்பட்டார். எழுத்தும் ஆளும் ஒன்று என்று சீனர்கள் பேசும்போது அவர் பெயரைச் சொல்வது இதனால்தான். 2019இல் இந்த வரைவைத் தைபே அருங்காட்சியகம் டோக்கியோவில் நடந்த கண்காட்சிக்கு இரவல் கொடுத்தபோது தைவானிலும் சீனாவிலும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. இவ்வளவு பழைய, மெலிந்த தாளை ஏன் அசைக்கிறீர்கள் என்ற கோபம். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

மூன்றாவது சூ ஷி, சூ டோங்போ என்றும் சொல்வார்கள். 1037 முதல் 1101 வரை வாழ்ந்தவர். கவிதைகளில் அரசைக் குறை சொன்னார் என்று 1079இல் சிறை, பிறகு ஹுவாங்ஜோவுக்கு நாடு கடத்தல். அங்கே வந்து மூன்றாவது 'குளிர் உணவு' நாள், 1082. அன்றைக்கு வீடுகளில் அடுப்பு மூட்டக் கூடாது. முன்னோர் கல்லறைக்குப் போகும் காலம். ஓயாத மழை. வீடு சின்னப் படகு போலத் தண்ணீரில் கிடக்கிறது, உடைந்த அடுப்பில் ஈர நாணல் எரிகிறது. காகம் ஒன்று கல்லறையில் படைக்கும் காகிதத்தைக் கவ்விப் போவதைப் பார்த்துத்தான் இன்று என்ன நாள் என்பதே அவருக்குத் தெரிகிறது. அந்தக் 'காகிதம்' என்ற எழுத்தின் கடைசிக் கோட்டை ஒரே இழுப்பாக நீளமாகக் கீழே இறக்கியிருப்பார். அடுத்த எழுத்துக்கு வரவே மனமில்லாதவர் மாதிரி. முதல் கவிதையில் எழுத்துகள் சிறிதாகத் தொடங்கி, இரண்டாவதில் பருத்துப் பெரிதாகின்றன. ஓர் இடத்தில் தவறாக எழுதிய எழுத்தைப் பக்கத்தில் புள்ளி வைத்து நீக்கிவிட்டு, விட்டுப்போனதைச் சின்னதாகச் சேர்த்திருக்கிறார்.

இந்தச் சுருளில் அவருடைய நண்பர் ஹுவாங் டிங்ஜியன் எழுதிச் சேர்த்த பின்குறிப்பும் இருக்கிறது. சூ ஷியே மறுபடி எழுதினாலும் இப்படி வராது என்கிறார். அப்புறம் இவர்கள் இருவரின் நட்பைப் பற்றி ஒரு பழைய கதை: உன் எழுத்து மரத்தில் தொங்கும் பாம்பு மாதிரி என்றாராம் சூ ஷி, உன்னுடையது கல்லுக்கடியில் நசுங்கிய தேரை மாதிரி என்றாராம் ஹுவாங். இரண்டு எழுத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்று தோன்றும். 1923இல் டோக்கியோ பூகம்பத்தில் இந்தச் சுருளின் அப்போதைய உரிமையாளர் தீயிலிருந்து இதைக் காப்பாற்றி எடுத்தார். சுருளின் கீழ் ஓரத்தில் நெருப்புத் தின்ற தடங்கள் இருக்கின்றன, ஆனால் அவை அதற்கு முந்தைய இன்னொரு தீயில் ஏற்பட்டவை என்கிறார்கள்.

வேக எழுத்துக்கு ஹுவாய்சூ என்ற துறவி. தாள் வாங்கக் காசில்லாமல் வாழை நட்டு அதன் இலைகளில் எழுதிப் பழகியவர். 777இல் எழுதிய அவருடைய தன்வரலாறு ஏழரை மீட்டர் நீளம், ஏறக்குறைய 700 எழுத்துகள். அதை எழுத்தாகப் பார்க்காமல் ஒரே கோட்டின் பயணமாகப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய சுருள்களில் சிவப்பு முத்திரைகள் நிறைய இருக்கும். அவை காலங்காலமாக வைத்திருந்தவர்கள் குத்தியவை, எழுத்துக்குச் சம்பந்தமில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட சியன்லோங் பேரரசர் இதில் எல்லை மீறியவர். வாங் ஷிஜியின் 28 எழுத்துக் கடிதப் பிரதி ஒன்றைச் சுற்றித் தன் முத்திரைகளையும் பாராட்டுகளையும் நிரப்பி வைத்திருக்கிறார். அவ்வளவு அருமையான வெற்றிடத்தை அடைத்துவிட்டாரே என்று எனக்கு வருத்தம்தான்.

யென், சூ, ஹுவாய்சூ மூவரின் தாள்களும் தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இவற்றைச் சில வாரங்கள் மட்டுமே காட்சிக்கு வைத்துவிட்டு, பிறகு வருடக்கணக்கில் இருட்டில் ஓய்வு கொடுப்பார்கள். எனவே பயணம் போட்டால் தேதி விசாரித்துக்கொண்டு போங்கள். அதுவரை அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே பெரிய அளவுப் படங்கள் கிடைக்கின்றன, அதில் யென் ஜென்ச்சிங்கிலிருந்து ஆரம்பியுங்கள். கல்லில் பார்க்க ஆசைப்பட்டால் சியான் கல்வெட்டு அருங்காட்சியகம். யென் ஜென்ச்சிங்கின் 'பல ரத்தினங்கள் கோபுரம்' கல்வெட்டும், அவர் தன் கொள்ளுத்தாத்தாவுக்கு 779இல் எழுதி 1922இல் மண்ணிலிருந்து வெளியே வந்த கல்வெட்டும் அங்கேதான் நிற்கின்றன.